மவுண்ட் ரோட்டின் அந்தப் பக்கம்

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை நடந்தது இது. எழுதிவிடலாம் என்று பலமுறை உட்கார்ந்தேன், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழுந்தும் விட்டேன். சம்பவம் சின்னதுதான். மவுண்ட் ரோட்டைக் கடக்கும்போது பாதி வழியில் சிக்னல் மாறிவிட்டது. 79 வயதான என் அம்மாவும் நானும் நடுவில் மாட்டிக்கொண்டோம். முன்னாலும் போகமுடியாமல் பின்னாலும் திரும்பமுடியாமல் மீடியன் கட்டையை ஒட்டி ஏழெட்டு நிமிஷம் நின்றிருப்போம். அம்மா ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் புத்தகக் கடைப் பை. அப்போது அவள் சொன்ன ஒரு வார்த்தை மனசில் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை மாதமாகியும் எழுந்து போகவில்லை.

என் மகளுக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பேத்திக்குத் தன் கையால் ஒரு டிக்‌ஷனரி வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. எல்லாம் போனிலேயே இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்கு உங்கப்பா வாங்கிக் குடுத்தாரா இல்லியா? எங்க வாங்கினாரு?" என்றாள். நான் ஆறாம் வகுப்பு போனபோது அப்பா ஹிக்கின்பாதம்ஸில்தான் வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் பேச்சில்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவிலேயே போகலாம். அம்மாவுக்கு முட்டி வலி என்பதால் வாசலுக்கு வரும் காரைப் பிடித்துப் போய் இறங்கினோம்.

1844-ல் தொடங்கிய கடை. இப்போது நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் 1904-ல் எழும்பியது. உள்ளே நுழைந்ததும் அம்மா தரையைத்தான் பார்த்தாள். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கல் பதித்த தரை. சின்ன வயதில் கறுப்புக் கட்டத்தில் மட்டும் கால் வைத்து நடப்பேன். வெள்ளையில் மிதித்துவிட்டால் மறுபடி வாசலுக்குப் போய் முதலிலிருந்து வருவேன். அப்பா அதட்டமாட்டார், புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே காத்திருப்பார். அம்மாவுக்கும் அது ஞாபகம் வந்திருக்கவேண்டும். "எங்க, இப்ப நடந்து காட்டு" என்றாள். கடையில் அதிகம் பேர் இல்லை. நடந்தேன்.

டிக்‌ஷனரி வாங்கி வெளியே வந்தோம். அம்மா படியில் நின்று இடது பக்கமாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்பென்சருக்குப் போலாமா?" என்றாள். நான் வீடு திரும்பக் காரைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்பென்சர் எதிர்ச் சாரியில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அங்கே இப்போது ஒன்றும் இல்லையே அம்மா, பாதிக் கடை மூடிக் கிடக்கிறதே என்றேன். "எனக்கு ஒண்ணும் வாங்க வேணாம். அந்தப் பக்கம் போனதே இல்ல" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் பக்கம்

அப்பா ஹார்பரில் கிளார்க். எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். துணி எடுக்க எம்.சி. ரோடு நடக்கிற தூரத்தில் இருந்தது. காய்கறி, மளிகைக்குக் கொத்தவால் சாவடி. நகை நட்டுக்குச் சௌகார்பேட்டை. எங்கள் வீட்டுக்கு வேண்டிய எதையும் வாங்க மவுண்ட் ரோடு போகத் தேவையே இல்லை. ஆனாலும் சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் பஸ் ஏறிப் போவோம். கடைக்குப் போகிறோம் என்று சொல்லமாட்டோம், மவுண்ட் ரோடு போகிறோம் என்போம். அம்மா அன்றைக்கு மட்டும் கனகாம்பரம் வைத்துக்கொள்வாள். அப்பா சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுவார். அண்ணா மறைந்த பிறகு பெயர் அண்ணா சாலை என்று மாறி, பலகையெல்லாம் மாற்றி வருடக்கணக்காகியும் எங்கள் வாயில் அது மவுண்ட் ரோடுதான். இப்போதும்தான்.

பாரிமுனைப் பக்கமிருந்து வரும் பஸ் எங்களை ஸ்பென்சருக்கு எதிர்ச் சாரியில் இறக்கிவிடும். அங்கேதான் சடங்கு மாதிரி ஒன்று நடக்கும். அப்பா உடனே நடக்கத் தொடங்கமாட்டார். எதிரே தெரியும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். கோபுரங்கள், வளைவுகள், நீண்ட முகப்பு. ஆசியாவிலேயே பெரிய கடை என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கியது, 1895-ல் கட்டியது என்றெல்லாம் எனக்குச் சொல்வார். பிறகு அம்மாவைப் பார்த்து, "சரி, வா" என்று திரும்பி, இந்தப் பக்கப் பிளாட்பாரத்திலேயே வடக்கே நடப்போம். ஹிக்கின்பாதம்ஸ், எல்.ஐ.சி., புஹாரி, தேவி தியேட்டர் கும்பல் என்று அண்ணா சிலை வரை வந்து, சுரங்கப்பாதையில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறி வீட்டுக்கு பஸ் பிடிப்போம். ரவுண்டானா என்று நாம் எல்லா ஊரிலும் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கே மூலம் அந்த முனைதான் என்பார்கள். அங்கே வட்டமாக ஒரு போலீஸ் தாணா இருந்ததாம், ரவுண்டு தாணா.

ஒரு தடவைகூட ஸ்பென்சருக்குள் போனதில்லை. எங்களை யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். வெள்ளைக்காரர்கள் கையிலிருந்து அந்தக் கடை எப்போதோ மாறிவிட்டது, அப்பாவுக்கும் அது தெரியும். நான் ஒருமுறை கேட்டதற்கு, "அது நமக்கில்லடா, நம்ம பக்கம் இது" என்றார். வருத்தமாகவோ கோபமாகவோ சொல்லவில்லை. இது கிழக்கு, அது மேற்கு என்று திசை காட்டுகிற மாதிரிச் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பின்னால் இந்தச் சாலையைப் பற்றி நிறையப் படித்தபோது, அப்பா சொன்னதில் சரித்திரமும் இருக்கிறது என்று தோன்றியது. கடைத்தெருவாக வேண்டும் என்று யாரும் போட்ட தெரு இல்லை இது. கோட்டைக்கும் பரங்கிமலைக்கும் இடையில் போய்வர உண்டானது. 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் தன் சொந்தச் செலவில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் கட்டியவைதான். மலையடிவாரத்தில் படைமுகாம் வந்தது. இடையில் கிடந்த பெரிய வெளியில் கம்பெனி துரைமார் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். சிப்பாய்களும் பீரங்கி வண்டியும் கோச்சு வண்டியும் போகிற சாலைக்கு அகலம் வேண்டும். அந்த அகலம் அன்றைக்கே வந்துவிட்டது.

கடைகள் அதற்கப்புறம்தான் வந்தன. வந்தபோதும் அந்தத் தோட்ட வீடுகளின் சாயலிலேயே வந்தன. தெருவை விட்டு உள்வாங்கிய பெரிய கட்டடம், முன்னால் காம்பவுண்டு, சீமாட்டிகளின் வண்டி வந்து நிற்கப் போர்ட்டிகோ. கைக்கடிகாரத்துக்கு பி. ஓர், மருந்துக்கு டபிள்யூ.ஈ. ஸ்மித், புத்தகத்துக்கு ஹிக்கின்பாதம்ஸ், மற்ற எல்லாவற்றுக்கும் ஸ்பென்சர். ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு நடந்து போகவேண்டும் என்ற எண்ணமே அதில் இல்லை. வண்டியில் ஏறி அடுத்த வாசலில் இறங்குவார்கள். எம்.சி. ரோட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். எம்.சி. ரோட்டில் கடை என்பது தெருவிலேயே தொடங்கிவிடும். பாவாடைத் துணியைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, "எதிர்க்கடையில இதே கலர் இருக்கானு பாத்துட்டு வரேன்" என்று நாலு எட்டு வைத்து அம்மா எதிர்க்கடைக்குப் போய்விடுவாள். விலை சொன்னவர் இந்தப் பக்கமிருந்தே, "அக்கா, இருவது ரூபா குறைச்சிக்கலாம் வாங்க" என்று கத்துவார். தெருவின் இரண்டு சாரியும் ஒன்றோடொன்று பேசும். மவுண்ட் ரோட்டில் அப்படி ஒரு குரல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனதை நான் கேட்டதே இல்லை.

பன்னிரண்டு கட்டங்கள்

எங்கள் பக்கம் என்று அப்பா சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வைட்டவே லெய்ட்லா என்று ஒரு பெரிய கடை இருந்தது. கல்கத்தாவில் 1882-ல் தொடங்கி, இந்தியாவின் பெரிய நகரங்களில் எல்லாம் கிளை பரப்பிய வெள்ளைக்காரக் கடை. அங்கே கடன் கணக்கு கிடையாது. கையில் ரொக்கம் இருந்தால்தான் சாமான். ஆங்கிலத்தில் அதன் பெயரையே திரித்து, 'உடனே கொண்டு போ, காசு கொடுத்தாச்சு' என்று பொருள்படக் கேலி செய்வார்களாம். மவுண்ட் ரோட்டில் அந்தக் கடை இருந்த கட்டடம் பின்னாளில் சுதேசமித்திரன் கைக்கு வந்தது. பாரதியார் வேலை பார்த்த பத்திரிகை, சீமைச் சாமான் விற்ற மாடத்தில் வந்து உட்கார்ந்தது. விக்டரி ஹவுஸ் என்று பெயர். அதற்கும் பிறகு வி.ஜி.பி. வாங்கினார்கள்.

வி.ஜி.பி. என்றால் என் வயதுக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. தவணை முறை. மாதச் சம்பளக்காரன் ரேடியோவும் மின்விசிறியும் வாங்கலாம் என்று வீட்டுக்கு வீடு நம்பிக்கை கொடுத்த சொல் அது. ரொக்கம் இல்லாதவன் படியேறவே முடியாதிருந்த அதே இடத்தில், ரொக்கம் இல்லாதவர்களுக்கென்றே ஒரு கடை வந்தது. மவுண்ட் ரோட்டின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறு எதுவும் இல்லை என்று நான் நினைக்கிறேன். சாலையின் பெயர் மாறியதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எல்.ஐ.சி. கட்டடம் எழும்பியதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு ஹார்பர் கிளார்க் முதல்முறையாக மவுண்ட் ரோட்டில் ஒரு கடைக்குள் பெண்டாட்டி பிள்ளையோடு தலை நிமிர்ந்து நுழைந்தார், அதை யாரும் எழுதவில்லை.

எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. அப்பா ஒரு டிரான்சிஸ்டர் எடுத்தார். தோல் உறை போட்டு, தோளில் மாட்டிக்கொள்ள வார் வைத்தது. கடையில் ஒரு கெட்டி அட்டை கொடுத்தார்கள். அதில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டங்கள். பணம் கட்டக் கட்ட ஒவ்வொரு கட்டத்திலும் ஊதா மையில் முத்திரையும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் விழும். அப்பா அந்த அட்டையைப் பஸ் சீசன் டிக்கெட்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். வேர்வையில் ஓரம் நைந்துவிடும் என்று அம்மா அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை தைத்துக் கொடுத்தாள். அந்த ஒரு வருடம் சனிக்கிழமைப் பயணத்துக்கு ஒரு காரியம் இருந்தது. பார்க்கப் போகிறவர்களாக இருந்த நாங்கள், பணம் கட்டப் போகிறவர்களானோம். கவுண்ட்டரில் இருந்தவர் நாலாவது மாதத்திலிருந்து அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். புஹாரியில் டீ குடிக்கும்போது அம்மா அட்டையை வாங்கி இன்னும் எத்தனை கட்டம் பாக்கி என்று எண்ணிப் பார்ப்பாள்.

பன்னிரண்டாவது முத்திரை விழுந்த மாதம் அப்பா சந்தோஷமாக இருந்தார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வந்தது. பெல்ட் எல்லாம் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்குப் போகணுமா என்ன?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா ஏற்கனவே கனகாம்பரம் வைத்திருந்தாள். போனோம்.

எல்.ஐ.சி.யைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 1953-ல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தொடங்கிய கட்டடம் அது. அடுத்த வருடமே சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்துபோனார். இன்ஷூரன்ஸ் தேசியமயமான பிறகு, 1959-ல் திறந்தார்கள். 14 மாடி, 177 அடி. ஊரிலிருந்து யார் வந்தாலும் அதன் அடியில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வோம். 1975-ல் அது எரிந்தபோது மாடியில் ஏறி நின்று தெற்கே புகை தெரிகிறதா என்று தெருவே பார்த்தது.

எரிந்த பிறகு

ஸ்பென்சர் எரிந்தது 1983-ல். எனக்கு 14 வயது. பேப்பரில் படம் வந்தது. அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தோம், வழக்கமாக நிற்கும் இடத்திலேயே, எதிர்ச் சாரியிலேயே நின்று. கரிந்த சுவரும் வானம் தெரியும் ஜன்னல்களும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "உள்ள என்னதான் இருந்துச்சுன்னு பாக்காமயே போச்சே" என்றாள் அம்மா. யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

அந்த இடத்தில் 1990-களில் ஸ்பென்சர் பிளாசா வந்தது. அன்றைய மெட்ராஸுக்கு அது ஒரு அதிசயம். குளிர்சாதன நடைபாதை, நடுவில் திறந்த கூடம், எஸ்கலேட்டரில் முதல் காலை வைக்கப் பயந்து நிற்கும் பெண்களைக் கைபிடித்து ஏற்றிவிடும் பிள்ளைகள். என் முதல் சம்பளத்தில் நான் அங்கேதான் கேசட் வாங்கினேன். நண்பர்களோடு எத்தனையோ மாலை அங்கே சுற்றியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தால் வலிக்கிறது. ஒரு நாள்கூட அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. அதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது, சனிக்கிழமைப் பயணம் நின்றிருந்தது. துணிமணிக்கு ஊரே தி. நகருக்குப் போய்க்கொண்டிருந்தது.

மவுண்ட் ரோடு கடைத்தெருவாக இருந்தது எப்போது முடிந்தது என்று நண்பர்களோடு பேசினால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தி. நகர் என்பார்கள் சிலர். மால் வந்ததால் என்பார்கள் சிலர். பக்கத்திலேயே 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்ததும் பிளாசா காலியாகத் தொடங்கியது உண்மைதான். பிளாசாவில் கடைகள் தனித்தனி ஆளுக்கு விற்கப்பட்டவை, ஒரே கையில் இருந்து நடத்துவதுபோல் நடத்த வழியில்லை என்றும் காரணம் சொல்வார்கள். என் கணக்கில் தியேட்டர்களையும் சேர்க்கவேண்டும். 1964-ல் வந்த சபையர் போனது, ஆனந்த் போனது, 2016-ல் சாந்தியும் மூடியது. மாட்னி விட்டுக் கலையும் கூட்டம்தான் சாயங்காலக் கடைகளின் வாடிக்கை. அந்தக் கூட்டம் இல்லாமல் போனதும் ஆறு மணிக்கு மேல் பிளாட்பாரத்தில் நடக்க ஆளில்லை.

ஆனால் இவையெல்லாம் மேலே தெரிகிற காரணங்கள் என்று எனக்குப் படுகிறது. தி. நகரிலும் தியேட்டர் போயிருக்கிறது, மால் வந்திருக்கிறது. ரங்கநாதன் தெரு சாகவில்லையே. எங்கள் எம்.சி. ரோடு சாகவில்லையே. தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து பாருங்கள், தோளை நுழைக்க இடமிருக்காது. அகலம் இல்லாததுதான் அந்தத் தெருக்களின் உயிர். மவுண்ட் ரோட்டிலோ 1973-ல் ஜெமினியில் ஊரின் முதல் மேம்பாலம் வந்ததிலிருந்து, செய்த வேலை எல்லாமே வண்டி வேகமாகப் போவதற்குத்தான். மெட்ரோ தோண்டிய வருடங்களில் தடுப்புத் தகரமும் சுற்றுவழியுமாக இருந்தது. 2017 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பார்க் பக்கம் சாலையே உள்வாங்கி மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. நல்லவேளை, உயிர் போகவில்லை. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கும் டி.எம்.எஸ்ஸுக்கும் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது எங்கள் பேட்டையிலிருந்து எல்.ஐ.சி. கால் மணி நேரம் என்றானது. அதில் எனக்கு மெய்யாகவே பெருமை. இப்போது தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு மேம்பாலச் சாலை என்று வேலை நடக்கிறது. தெருவில் நீளவாக்கில் போவதற்கு ஐம்பது வருடமாக வழி செய்திருக்கிறோம். குறுக்கே போவதற்கு என்ன செய்தோம்?

மெட்ரோ ஸ்டேஷனுக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறலாமே, சுரங்கப்பாதை இருக்கிறதே என்று கேட்பீர்கள். லிஃப்டைத் தேடி, பூமிக்குள் இறங்கி, நடந்து, மறுபடி ஏறித்தான் எதிரே தெரியும் கடைக்குப் போகவேண்டும் என்றால் அது எதிர்க்கடையே இல்லை. வேறு ஊர். கண்ணில் பட்டதும் கால் போகவேண்டும், அப்படி இருந்தால்தான் கடைத்தெரு.

நடுவில்

அம்மா அந்தப் பக்கம் போகவேண்டும் என்றதும், சிக்னல் இருக்கும் இடம் வரை மெதுவாக நடந்தோம். பிளாட்பாரத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி, அதைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்கி ஏறவேண்டியிருந்தது. நடப்பவர் போக விளக்கு விழுந்தது. அம்மாவின் நடைக்கு அது போதவில்லை. பாதி தாண்டியதுமே என்ஜின்கள் உறுமத் தொடங்கிவிட்டன. மீடியனில் ஏற்றி நிறுத்தினேன். அடுத்த முறை விளக்கு விழுந்தபோது திரும்புகிற வண்டிகள் விடவில்லை. அதற்கடுத்த முறையும் அப்படித்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மாவைப் பார்த்தேன், பயந்திருப்பாள் என்று.

அவள் பயந்தமாதிரித் தெரியவில்லை. கட்டையைப் பிடித்துக்கொண்டு, கோயில் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி, முதலில் இந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு அந்தப் பக்கம் பார்த்தாள். பஸ் போன காற்றில் புடவைத் தலைப்பு அடித்துக்கொண்டது. அதை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்: "இங்கேர்ந்து பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே தூரம்தான்டா."

எனக்கு ஒரு நிமிஷம் வண்டிச் சத்தமே கேட்கவில்லை. திரும்பி நானும் பார்த்தேன். நாங்கள் மாதாமாதம் நின்ற இடம் அங்கே. பிளாசாவின் முகப்பு இங்கே. பதினைந்து எட்டு இருக்கலாம், இருபது எட்டு இருக்கலாம். என் அப்பா வாழ்நாள் முழுக்கக் கடக்காத தூரம் அவ்வளவுதான். அம்மாவைக் கடக்கவிடாத தூரமும் அவ்வளவுதான். நானோ முப்பது வருடத்துக்கு முன்பே நண்பர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டே அதைத் தாண்டிவிட்டேன். தாண்டினவன் திரும்பி நின்று கையை நீட்டவில்லை. அப்பா 2009-ல் போய்விட்டார். அவரிடம் இனி கேட்கவும் முடியாது, கூட்டிக்கொண்டு போகவும் முடியாது.

அப்பாவின் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்ட்டிகோவும் காம்பவுண்டுமாக அந்தச் சாரியைக் கட்டியவர்கள், நடந்து வருகிறவர்களை மனதில் வைத்துக் கட்டவில்லை. தன்னை மனதில் வைக்காத வாசலுக்கு ஏன் போகவேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். தன்மானமுள்ள மனிதர். இன்றைக்கு சிக்னல் நேரத்தைக் குறிக்கிறவர்களும் 79 வயது முட்டியை மனதில் வைக்கவில்லை. அந்தக் காலத்துக் கட்டடத்தை இனி மாற்றமுடியாது. விளக்கு எரியும் நேரத்தில் இன்னும் 20 விநாடி கூட்டுவதற்குக் காசுகூடத் தேவையில்லை. பாண்டி பஜாரில் 2019-ல் வண்டிக்கு இடம் குறைத்து நடப்பவருக்கு இடம் கொடுத்தார்கள். முடியாது என்று சொன்னவர்கள் எல்லாம் இன்று அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். ஸ்மித் மருந்துக் கடைக்காக 1897-ல் எழும்பிய பாரத் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது, வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். கட்டடத்துக்காக நீதிமன்றம் போக ஆள் இருந்தது. நல்லது, இருக்கவேண்டும். நடந்து கடப்பதற்காகவும் யாராவது போகவேண்டும் என்று கேட்கிறேன்.

கடைசியில் ஒரு ஆட்டோக்காரர்தான் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் ஹாரன் அடித்தவர்களை, "பெரியம்மா போறாங்கல்ல" என்று அதட்டி எங்களை அனுப்பினார். கை கூப்பக்கூட நேரம் தரவில்லை, போய்விட்டார்.

பிளாசாவுக்குள் குளிர்ந்தது. இரண்டு பக்கமும் இறக்கிவிட்ட ஷட்டர்கள், நடுநடுவே திறந்த கடைகள். ஒரு காஷ்மீர் சால்வைக் கடைக்காரர் எழுந்து நின்று வரவேற்றார். அம்மா அங்கே நிற்கவில்லை. செக்யூரிட்டியிடம் போய், "தம்பி, பழைய ஸ்பென்சர் எந்த இடத்துல இருந்துச்சு?" என்று கேட்டாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவருக்கு. "இதுதாம்மா ஸ்பென்சர்" என்றார். அம்மா தலையாட்டிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன். முட்டியைத் தேய்த்தபடி குடித்தாள். மேலே, சுற்றிலும், மாடி மாடியாகப் பார்த்தாள். பாதி மூடிக் கிடந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சின்னக் கடையில் இரண்டு கைக்குட்டை வாங்கினாள். ஒன்று பேத்திக்கு, ஒன்று தனக்கு.

வாசலுக்கு வந்து கார் சொன்னேன். காத்திருக்கும்போது அம்மா எதிர்ச் சாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்நாளில் நாங்கள் நிற்கும் இடத்தில் இப்போது ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். "அந்த எளநீர்க்காரர் இருக்காரே, அங்கதான் நிப்பாரு உங்கப்பா. குடைய இப்படிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு" என்று காட்டினாள். போன் அடித்தது. டிரைவர். மவுண்ட் ரோடு வந்துவிட்டாராம், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கேட்டார்.

"ஸ்பென்சர் பக்கம்னு சொல்லு" என்றாள் அம்மா.